மோட்டாருக்கு எடுத்த காவடி

என் கண்ணுங்களா,

"ஏன் நைனா, சாயங்காலம் மோட்டார் ஸ்விட்சு கிட்ட போனாலே இப்படிக் கத்துற?" என்று நேற்று நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. வாசலில் சவாரிக்கு ஆள் காத்திருந்தார். அதோடு, பேசிப் புரியவைக்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. பத்தாவதோடு நிறுத்திவிட்டு ஆட்டோ ஓட்டப் போனவன் நான். அதனால் எழுதிக் காட்டுகிறேன். பிழை இருந்தால் உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டாம்.

வாஷிங் மெஷினைக் காலையில் போடு, மாவை மத்தியானம் ஆட்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் மோட்டாரைத் தொடாதே என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதைக் கஞ்சத்தனம் என்கிறாள் உங்கள் அம்மா. கஞ்சத்தனம் கொஞ்சம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காரணம் வேறே. அதைச் சொல்ல வேண்டுமென்றால், நான் உங்கள் வயதில் இருந்தபோது வந்த ஒரு ஆடிக் கிருத்திகையைச் சொல்ல வேண்டும்.

அப்போது நாங்கள் முருகன் மலையடிவாரத்தில், பொய்கைக் குளத்துக்குப் போகிற வழியில் ஒரு தெருவில் குடியிருந்தோம். பத்துப் பதினைந்து வீடுகள். தெருமுனையில் ஒரே ஒரு டிரான்ஸ்பார்மர். முனிசிபாலிடி தண்ணீர் மூன்று மணிக்கு மேல்தான் வரும், வந்து அவரவர் வீட்டுத் தரைத்தொட்டியில் நிறைய விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும். அங்கேயிருந்து மாடி டேங்குக்கு மோட்டார் போட்டு ஏற்ற வேண்டும். என் அப்பாவைப் போலப் பொதட்டூர்பேட்டைக்குத் தறி வேலைக்குப் போனவர்கள் பஸ் பிடித்து வந்து சேரும் நேரமும் அதுதான். குளிக்கத் தண்ணீர் வேண்டும், இட்லிக்கு மாவு வேண்டும், சட்டைக்கு இஸ்திரி வேண்டும், பெண்களுக்கு டி.வி. சீரியல் வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும்.

முதலில் மோட்டார் போடுகிற வீட்டில் டேங்க் நிறையும். பின்னால் போடுகிற வீட்டு மோட்டார் வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகிக்கொண்டு சூடாகும், ஒரு சொட்டு ஏறாது. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் அடுத்த வீட்டுக்கு முந்திக்கொள்ளப் பார்ப்பார்கள். எல்லோரும் முந்தினால் என்ன ஆகும்? ஃபேன் இறக்கையைக் கீழே படுத்தபடி எண்ணலாம். குண்டு பல்புக்குள் இருக்கிற கம்பி மட்டும் சிவப்பாகத் தெரியும். அப்புறம் தெருமுனையில் 'டப்' என்று ஒரு சத்தம், ஃபியூஸ் போய்த் தெருவே இருட்டாகும்.

"பீஸ் போச்சி!" என்று தெரு முழுக்கக் கத்துவோம். எங்களுக்கு அது கொண்டாட்டம். படிக்க வேண்டாம், இருட்டில் ஓடிப் பிடித்து விளையாடலாம்.

என் அம்மாவுக்குத்தான் அது கொண்டாட்டமாக இல்லை. அவள் பிறந்தது நகரி பக்கம். அவள் 'அன்னா' என்று கூப்பிடுகிற அண்ணன்மார் மூன்று பேரும் வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருவார்கள். முந்தின நாள் பரணியன்றே பெண்டு பிள்ளைகளோடு வந்து எங்கள் வீட்டில் இறங்கி, அம்மா கையால் சாப்பிட்டு, மாடியில் பாய் விரித்துப் படுத்து, விடிந்ததும் மலையேறுவார்கள். வருஷத்தில் அம்மா வீட்டு மனிதர்கள் நம் வீட்டில் தங்குவது அந்த ஒரு ராத்திரிதான். நான் சொல்ல வந்த ஆடிக்கு முந்தின வருஷம், பந்தியில் ரசம் ஊற்றுகிற நேரம் பார்த்து 'டப்' என்றது. ரசம் இலையில் விழாமல் பெரிய மாமா கையில் விழுந்தது. டேங்கில் தண்ணீர் இல்லாததால் கை கழுவக் குடத்தைத் தூக்கினார்கள், அது சின்ன மாமி கால்மேல் கவிழ்ந்தது. ஊரே கூட்டத்தில் பிதுங்கிக்கொண்டிருந்தது. லைன்மேனை எங்கே போய்த் தேடுவது?

பெரிய மாமா கோபப்படவில்லை. சிரித்தபடிதான் சொன்னார். "உனக்கு எதுக்கும்மா சிரமம்? வர்ற வருசம் நாங்க சத்திரத்துல எறங்கிக்கறோம்."

அம்மா பாத்திரம் தேய்க்கப் போனாள்.

அவர் சொன்னபடியே அடுத்த ஆடியில் அப்பாவின் செல்லுக்குப் போன் வந்தது. சத்திரத்தில் அறைக்குச் சொல்லிவிட்டார்களாம். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அன்னா, பரணியன்னிக்கு ஒரு வேள என் கையால சாப்ட்டுட்டுப் போங்க. அப்புறம் எங்கனா போங்க, நான் கேக்கல."

"கரெண்டு இருக்குமா?" என்று மாமா கேட்டது எங்களுக்கே கேட்டது.

"இருக்கும்."

"சரி. சாப்ட்டு முடிக்கிற வரைக்கும் கரெண்டு போவாம இருந்தா உன் வூட்லயே படுக்கறோம். போச்சின்னா சத்திரம். அப்புறம் எந்த வருசமும் எங்கள இழுக்கக் கூடாது, ஆமா."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் குழாயடியில் பேச்சை ஆரம்பித்துவிட்டாள். ஒருத்தர் வீட்டில் நிறைந்த பிறகு அடுத்தவர் மோட்டார் போட்டால் எல்லோர் வீட்டிலும் தண்ணீர் ஏறுமே, லைன்மேன் கூட அதைத்தானே சொல்கிறார் என்றாள்.

டெய்லர் அண்ணன் குடத்தைக் கீழே வைத்தார். "நான் நிறுத்திட்டு ஒக்காந்துகினு இருப்பேன். மெக்கானிக் வூட்ல நைசா போட்டுப்பாங்க."

"ஆங், நாங்கதான் திருடங்க!" என்றார் மெக்கானிக் பாய் வீட்டம்மா. "ஒன் இஸ்திரிப் பொட்டி இன்னா காத்துலயா சுடுது? நீ அத சொருகினாலே எங்க டி.வி.ல இருக்கறவன் குள்ளமா ஆயிடறான்."

ஆளாளுக்கு நேரம் பிரித்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். யார் வீட்டுக் கடிகாரப்படி என்று கேட்டார் இன்னொருவர். அதோடு பேச்சு முடிந்தது.

அம்மா வீட்டுக்கு வந்தாள். சாமி அலமாரியின் பக்கவாட்டில், போன வருஷம் மாமாவின் காவடியிலிருந்து கழன்று விழுந்த மயில்தோகை ஒன்று செருகியிருந்தது. அதை உருவிக்கொண்டு திரும்பவும் குழாயடிக்குப் போனாள்.

"இது எந்த வூட்ல இருக்கோ, அந்த வூட்ல மட்டும் மோட்டார் ஓடட்டும். தண்ணி நெறஞ்சதும் அடுத்த வூட்டுக்குக் குடுத்துடணும். இது இல்லாத வூட்ல ஒரு லைட்டு, ஒரு ஃபேனு. அவ்ளோதான். இது முருகனோடது. இத வெச்சிகினு யாராவது ஏமாத்தறதா இருந்தா ஏமாத்துங்க."

டெய்லர் அண்ணன் தோகையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எங்க வூட்டுக்கும் வருமா?" என்று பாய் வீட்டம்மா கேட்டார்.

"வராம? மயிலு தெனிக்கும் உங்க வூட்டு மாடியிலதான ஒக்காந்துகினு கத்துது."

தோகையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை தெருப் பிள்ளைகளான எங்களுக்கு வந்தது. முறை வைத்து எடுத்துப் போனோம். தோகை கையில் இருக்கிற பிள்ளை அன்றைக்கு ராஜா. பெரியவர்களையே "இன்னும் ரொம்பலியா? சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டலாம். முதல் நாள் மாலையே எங்கள் வீட்டு டியூப்லைட் ஒரே சிமிட்டலில் எரிந்தது. வழக்கமாக அது கண்ணடித்துக் கண்ணடித்து, நாங்கள் பாதிச் சோறு சாப்பிட்ட பிறகுதான் பிடிக்கும். நாங்கள் கை தட்டினோம். அப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, "டியூப்லைட்டு மாத்திட்டியா?" என்று அம்மாவைக் கேட்டார். அன்றிலிருந்து ஒரு தடவைகூட பீஸ் போகவில்லை. டெய்லர் அண்ணன் தன் இஸ்திரி வேலையைக் காலைக்கு மாற்றிக்கொண்டார். மாற்றியதைப் பற்றி, தானே கண்டுபிடித்த மாதிரி எல்லோரிடமும் பேசவும் பேசினார்.

பரணி வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் வெளியூர் சனம். அம்மா மாவை விடியற்காலையிலேயே ஆட்டிவிட்டாள். மாமாக்களின் மஞ்சள் வேட்டிகளுக்கு முந்தின நாளே இஸ்திரி போட்டாயிற்று. அன்றைக்குத் தண்ணீர் தாமதமாக வந்தது. தோகைக்கு என் முறை. தெருமுனையில் ஆரம்பித்து ஒரு வரிசையை முடித்து, கடைசி வீட்டைத் தொட்டு, எதிர் வரிசை வழியாகத் திரும்ப வேண்டும். எங்கள் வீடு தெருமுனைப் பக்கம்தான். ஆனாலும் இந்த ஏற்பாட்டுக்கு எல்லோரையும் கூப்பிட்ட வீடு கடைசியாகத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

மாமாக்கள் காவடியும் பையுமாக வந்து இறங்கினார்கள். பெரிய மாமா வந்ததும் வராததுமாக டியூப்லைட்டைப் பார்த்தார். "எரியுதே!" என்றார். "இன்னும் சாப்பாடு போடல பாரு, அதான்" என்றார் சின்ன மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், ஆனால் அவள் காது தெருமுனையில் இருந்தது.

நான் தோகையோடு கடைசி வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுப் பெரியம்மா பொய்கைக்குக் குளிக்கப் போயிருந்தார். கே.ஜி.கண்டிகையிலிருந்து அன்று மத்தியானம் வந்திருந்த அவருடைய நாத்தனார் வாசலில் குத்துவிளக்கு ஏற்றி முடித்து நிமிர்ந்தார். எதிரே நான். என் கையில் மயில்தோகை.

"முருகா!" என்று அவர் போட்ட சத்தத்தில் நான் ஒரு படி கீழே இறங்கிவிட்டேன். "விளக்கு வெக்கற நேரம், பரணி நாள்ல, பாலகனா வூடு தேடி வந்துட்டியாப்பா!"

இரண்டு கையாலும் தோகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் நெற்றியில் விபூதி பூசினார். கையில் சர்க்கரை கொட்டினார். என் காலைத் தொடப் பார்த்தார், நான் ஓடி வந்துவிட்டேன். சர்க்கரையை நக்கியபடி, இன்றைக்குத் தோகைக்கு நல்ல மரியாதை என்று மட்டும் நினைத்தேன்.

கொஞ்ச நேரம் ஆயிற்று. கடைசி வீட்டு மோட்டார் சத்தம் கேட்கவில்லை, தோகையும் வரவில்லை. எதிர் வரிசை வீடுகளில் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் பெரிய மாமா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "குளிக்கலாமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். அம்மா என்னைத் துரத்தினாள்.

ஓடிப் போய்ப் பார்த்தால், தோகை முருகன் படத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு நிற்கிறது! முன்னால் கற்பூரம். வீட்டுக்கு வந்த சனமெல்லாம் வரிசையில் நின்று தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் பெரியம்மாவும் வந்துவிட்டிருந்தார். அவருக்கு விஷயம் தெரியும். ஆனால் நாத்தனார் பிடித்த பிடி அப்படி.

"வெளக்கு வெச்சப்பறம் சாமி பொருள வாசப்படி தாண்டி அனுப்புவாங்களாடா? நாளைக்கு விடிஞ்சி வா."

பெரியம்மா என்னிடம் கையை விரித்தார். விளக்கு வைத்த பிறகு உப்பைக் கூட வெளியே கொடுக்காத வீடு அது. அவரும் என்னதான் செய்வார்?

நான் திரும்பி ஓடி வருவதற்குள், காத்திருந்து சலித்த ஒரு வீட்டில் மோட்டார் போட்டுவிட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டு இன்னொரு வீட்டில் போட்டார்கள். "ஏமாத்தறாங்கப்பா!" என்று டெய்லர் அண்ணன் கத்தினார், கத்தியபடியே அவரும் போட்டார். தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் உறும ஆரம்பித்தது. எங்கள் டியூப்லைட் ஒரு முறை கண்ணடித்தது. பெரிய மாமா சின்ன மாமாவைப் பார்த்தார். சின்ன மாமா மூலையில் வைத்த பையைப் பார்த்தார்.

அம்மா என்னிடம் நடந்ததைக் கேட்டாள். பிறகு கூடத்தில் சாத்தி வைத்திருந்த காவடியைப் பார்த்தாள்.

"அன்னா, காவடிய எடுங்க."

"இப்பவா? காலையிலதானம்மா மலைக்கு?"

"மலைக்கு இல்ல. கடைசி வூட்டுக்கு. தோக காவடியோடதுதான? தனியாத்தான் அனுப்ப மாட்டாங்க. காவடியே வாசலுக்கு வந்து கூப்ட்டா அனுப்பித்தான ஆவணும்?"

மாமாவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கண்ணை உருட்டினார். "மோட்டாருக்குக் காவடி எடுக்கச் சொல்றியா? கேட்டா ஊர்ல சிரிக்க மாட்டாங்க?"

"குளிக்காம சாமிகிட்ட போவீங்களா? தண்ணி வேணுமில்ல?"

டியூப்லைட் மறுபடியும் கண்ணடித்தது. அப்பா தன் மச்சானைப் பார்த்து, "பாவா, அவ சொன்னா விடமாட்டா. தூக்கிடுங்க" என்றார்.

இருந்த அரைக்குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு பெரிய மாமா காவடியைத் தோளில் ஏற்றினார். மேளத்துக்கு எங்கே போவது? அப்பா தாம்பாளத்தை எடுத்துக் கரண்டியால் தட்டினார். சின்ன மாமா "அரோகரா!" என்று குரல் கொடுத்தார். நாங்கள் பிள்ளைகள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினோம்.

இதற்குப் பிறகு நடந்தது யாரும் திட்டம் போட்டது இல்லை. காவடிச் சத்தம் கேட்டதும் ஒவ்வொரு வீட்டிலும் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். வருகிறவர்கள் பழக்க தோஷத்தில் டி.வி.யை, ஃபேனை, லைட்டை அணைத்துவிட்டு வந்தார்கள். காவடிக்கு முன்னால் திருட்டு மோட்டார் ஓடினால் நன்றாகவா இருக்கும்? அதையும் நிறுத்தினார்கள். டெய்லர் அண்ணன் வீட்டுக்குள் ஓடிப்போய் நிறுத்திவிட்டு வந்து, எல்லோரையும்விடச் சத்தமாக "அரோகரா" சொன்னார். டிரான்ஸ்பார்மரின் உறுமல் அடங்கியது.

கடைசி வீட்டு நாத்தனார் காவடியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். அவரே தோகையைத் தூக்கி வந்து காவடியில் செருகினார். பெரியம்மா இதுதான் சமயமென்று உள்ளே போய் மோட்டார் போட்டார். தெரு முழுக்க ஒரு மோட்டார்தான் ஓடியது. தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. டேங்க் வழிந்ததும் அந்தத் தண்ணீரில் மஞ்சள் கலந்து மாமாவின் காலில் ஊற்றிக் கும்பிட்டார்கள். காவடி நகர்ந்து அடுத்த வீட்டு வாசலில் நின்றது. அங்கே மோட்டார் ஓடியது.

மாமா அப்போதுதான் மாட்டிக்கொண்டதை உணர்ந்தார்.

"ஏம்மா, ஒவ்வொரு வூடும் ரொம்பற வரைக்கும் நான் நிக்கணுமா?"

"எடுத்த காவடிய வழியில எறக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்வீங்க அன்னா" என்றாள் அம்மா பணிவாக.

பாய் வீட்டு வாசலில் மாமா நின்றபோது, பாய் வீட்டம்மா ஒரு பெரிய டம்ளரில் ரோஸ்மில்க் கொண்டுவந்து நீட்டினார். "குடிங்கண்ணா, எங்க டேங்கு பெருசு. நேரமாவும்." மாமா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டார்.

எல்லாம் முடிந்து காவடி எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது. எங்கள் மோட்டார் ஓடியது. எங்கள் டேங்க் நிறைந்தது. மாமாக்கள் மூன்று பேரும் வாளி வாளியாக ஊற்றிக் குளித்தார்கள். இலை போட்டோம். அம்மா ரசப் பாத்திரத்தோடு பெரிய மாமாவிடம் வந்தபோது, கூடத்தில் ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை. எல்லோரும் அண்ணாந்து டியூப்லைட்டைத்தான் பார்த்தோம். அது அசையாமல் எரிந்தது. ரசம் சரியாகச் சோற்றில் விழுந்தது.

நாங்கள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டிலிருந்து என்ன என்று கேட்டார்கள்.

மோர்ச்சோறு முடிந்து ஏப்பம் விட்டுவிட்டு மாமா சொன்னார், "தெரு பூரா நிக்க வெச்சி என் முட்டிய முடிச்சிட்டா. இனிமே சத்திரம் வரைக்கும் எவன் நடப்பான்? மேல பாயப் போடுறா." அடுத்த வருஷமும் வந்தார்கள், அதற்கடுத்த வருஷமும். எங்கே தங்குவது என்ற பேச்சே பிறகு எழவில்லை. தெருவுக்குப் பெரிய டிரான்ஸ்பார்மரும் வந்தது. அதன் பின்னாலேயே வீட்டுக்கு வீடு ஏ.சி.யும் வந்து, கணக்கைச் சரி செய்துவிட்டது.

இப்போது தெரிகிறதா? நீங்கள் விளக்கு வைக்கிற நேரத்தில் மோட்டார் போட்டால், நமக்குத் தண்ணீர் ஏறும். வேறே எந்த வீட்டில் யார் யாருக்காக இலை போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ, அது நமக்குத் தெரியாது. அதனால்தான் கத்துகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று சாப்பிட்டு முடித்து எல்லோரும் மாடிக்குப் போன பிறகு, நான் தண்ணீர் குடிக்கக் கீழே வந்தேன். அம்மா வாசலில் குனிந்து மாமாக்களின் செருப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவற்றைக் கொண்டுபோய் உள்ளறையில், அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தாள்.

"ஏம்மா அங்க வெக்கற?"

"நாய் தூக்கினு போயிடும்டா."

எங்கள் தெரு நாய்க்கு வடை தவிர வேறு எதன் மேலும் ஆசை கிடையாது. ஆனாலும் நம்பினேன். பந்தயத்தில் ஜெயித்த பிறகும் அம்மாவுக்கு என்ன பயம் என்று நான் யோசிக்கவே இல்லை. கரெண்டு போகவில்லை, அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

போன மாதம் ஆர்.கே.பேட்டைக்கு ஒரு சவாரி போனேன். இறக்கிவிட்டு, உங்கள் அத்தை வீட்டை எட்டிப் பார்த்தேன். "சாப்ட்டுட்டுப் போண்ணா" என்றாள் என் தங்கை. வழக்கம்போல, "இன்னொரு நாள் வர்றேம்மா, சவாரி இருக்கு" என்று சொல்லி எழுந்தேன். அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். வாசலுக்கு வந்தால், என் செருப்பைக் காணோம். படியில் பார்த்தேன், ஆட்டோவுக்குக் கீழே பார்த்தேன். திரும்பி வந்து உள்கதவை லேசாக இழுத்தேன். அதன் பின்னால், சுவரோடு ஒட்டி, ஜோடியாக இருந்தது.

கையில் எடுத்தேன். பிறகு சத்தம் கேட்காமல் எடுத்த இடத்திலேயே வைத்து, கதவைப் பழையபடி சாத்திவிட்டு, கூடத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.